மலை ஏறாத வாரண்டி

“சிப்பு எல்லாம் ஒண்ணுதான்ணா. என்விடியாகாரன் குடுக்குறான், இவங்க ஃபேன் மாட்டி ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க. எது ரேட்டு கம்மியோ அதத் தூக்கினு போங்க.”

2022 டிசம்பரில், சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைப் பையன் எனக்குச் சொன்ன புத்திமதி இது. அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. யூடியூபில் கார்டைப் பிரித்துக் காட்டுகிறவர்களும், விடுதி அறையில் நண்பனுக்கு யோசனை சொல்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கூடவே இரண்டு வால்கள் சேர்ப்பார்கள். கிராபிக்ஸ் கார்டு கெடுவதே அபூர்வம்; தப்பித் தவறிக் கெட்டாலும் மூன்று வருட வாரண்டி எல்லாரும் தருகிறார்கள். ஆகவே ரூபாய்க்கு எத்தனை ஃபிரேம் என்று மட்டும் பார், மற்றதெல்லாம் பயந்தாங்கொள்ளி பேச்சு.

எனக்கு ஊர் புதூர்நாடு. ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் மாவட்டத்துப் பக்கம். சாமையும் புளியும் பலாவும் விளைகிற ஊரில் கிராபிக்ஸ் கார்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரிலும் கல்யாணம் நடக்கிறது, காதுகுத்து நடக்கிறது, திருவிழாவுக்கு டிரோன் பறக்கிறது. எடுத்த வீடியோவை யாராவது வெட்டி ஒட்டி நிறம் ஏற்றித் தர வேண்டும். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளுக்குக் கார்டு இல்லாவிட்டால் கையும் ஓடாது, காலும் ஓடாது. எனக்குச் சோறு போடுவது அதுதான்.

அன்றைக்கு நான் பையன் பேச்சைக் கேட்டேன். ஆர்டிஎக்ஸ் 3060, இரண்டு பிராண்டு. ஒன்று மற்றதைவிட 1,800 ரூபாய் குறைவு. குறைவானதை எடுத்தேன். விலை கூடியவர்கள் கெட்ட கார்டைக் கூரியரில் வாங்கிக்கொள்வார்கள், நாம் எடுத்த பிராண்டுக்கு நேரில்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது அப்போதே தெரியும். ‘கெட்டால்தானே’ என்று நினைத்தேன்.

2024 மே மாதம், வைகாசி முகூர்த்தம் நெருங்குகிற நேரம், கெட்டது. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. கார்டை ஒரு பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, விடியற்காலைப் பஸ்ஸில் திருப்பத்தூர் இறங்கி, ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்துச் சென்னை போனேன். சர்வீஸ் சென்டரில் டோக்கன். என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்தவர் கார்டை வாங்கி, தங்க முலாம் பூசிய விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு ஸ்குருவையும் போனில் படம் எடுத்தார். பிறகு பின்பக்கத் தகட்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார். மிளகு அளவுக்கு ஒரு துரு.

“ரஸ்ட் இருக்கு சார். அப்ரூவல் கேக்கணும். கன்ஃபார்மா சொல்ல முடியாது.”

மார்கழிப் பனியில் எங்கள் ஊரில் கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடிக்கும். இதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? மறுநாள் வரச் சொன்னார். இரவு லாட்ஜில் தங்கினேன். அப்ரூவல் வந்தது, 37 நாள் கழித்து வேறொரு கார்டு வந்தது, அதுவும் ஏற்கெனவே யாரோ பயன்படுத்திப் பழுது நீக்கியது. அதை வாங்க இன்னொரு தடவை போய்வந்தேன். இரண்டு பயணத்துக்குச் சாப்பாடு சேர்த்து 1,750 ரூபாய், லாட்ஜ் 700, இடையில் திருப்பத்தூரில் ஒரு நண்பர் ஸ்டூடியோவில் ஆறு நாள் கம்ப்யூட்டர் வாடகை 3,000. ஆக 5,450. மிச்சம் பிடித்தது 1,800. ஒரு கல்யாண வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனதை இதில் சேர்க்கவில்லை. அது பணக்கணக்கு மட்டும் இல்லை.

சரி, சொந்தக் கதையை வைத்து ஊருக்கு உபதேசம் செய்யக் கூடாது. வாதத்துக்கு வருவோம்.

‘சிப்பு ஒன்றுதான்’ என்பது உண்மை. ஆனால் நாம் வாங்குவது சிப்பை இல்லை, கார்டை. 2021 ஜூலையில் அமேசானின் ‘நியூ வேர்ல்டு’ விளையாட்டின் முன்னோட்டத்தை ஆடியவர்களின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில பொட்டென்று செத்தன. முக்கியமாக அடிபட்டவை இவிஜிஏ நிறுவனத்தின் கார்டுகள். அவர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொன்ன காரணம்: மின்சாரத்தை ஒழுங்குபடுத்தித் தரும் மாஸ்ஃபெட்டுகளைச் சுற்றிய சால்டரிங் சரியில்லை. இருபத்துச் சொச்சம் கார்டுகள், எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். சிப்பு என்விடியாவுடையது, ஈயம் வைத்தது கார்டு கம்பெனி.

இதற்கு நேர் எதிரான கதை 2025 பிப்ரவரியில் நடந்தது. அப்போதுதான் வந்திருந்த ஆர்டிஎக்ஸ் 5090, 5070 டிஐ சிப்புகளில் சிலவற்றில், படத்தின் கடைசிப் புள்ளிகளை எழுதும் அலகுகள் சில குறைந்தே வந்தன. நூற்றில் அரை பங்கு சிப்புகளில் இந்தக் குறை, சராசரியாக 4 சதவீதம் வேகம் குறையும் என்று என்விடியாவே ஒத்துக்கொண்டது. இந்தத் தடவை தப்பு முழுக்கச் சிப்பில்தான். ஆனாலும் வாங்கியவர்களுக்கு என்விடியா சொன்ன வழி என்ன? கார்டு தயாரித்த நிறுவனத்திடம் போய் மாற்றிக்கொள்ளுங்கள். தப்பு யாருடையதாக இருந்தாலும் நாம் போய் நிற்கிற கவுன்டர் ஸ்டிக்கர் ஒட்டியவனுடையதுதான். ‘ஸ்டிக்கர்தானே’ என்று கடைப் பையன் கேலி செய்தானே, அந்த ஸ்டிக்கருக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

‘கெடுவது அபூர்வம்’ என்பதையும் மறுக்கவில்லை. நூறு கார்டு விற்றால் ஒன்றோ இரண்டோதான் திரும்பி வரும் என்று கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நூறு கார்டு விற்கிறவனுக்கு அது நல்ல கணக்கு. நான் வாங்குவது ஒரு கார்டு. எனக்கு ஒரு சதவீதம் கார்டு கெடாது. ஒன்று முழுசாகக் கெடும், அல்லது கெடவே கெடாது. கெட்டால் என்ன நஷ்டம் என்பது ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வேறு. அண்ணா சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு அது ஆட்டோ காசு. எனக்கு ஒரு முகூர்த்த மாதம். இரண்டு பேருக்கும் ஒரே கணக்கைச் சொல்லிக்கொடுப்பது, சமவெளியில் ஓட்டுகிற கியரிலேயே கொண்டை ஊசி வளைவிலும் ஏறு என்று சொல்வதைப் போல.

இந்த வாதத்தில் தோற்றவர்கள் உடனே எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். ‘அப்படின்னா பெரிய பிராண்டா வாங்கிடு, கெடவே கெடாது.’ இதுவும் தப்பு. 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் குறை இருப்பதாக அறிவித்து, வாரண்டிச் செலவுக்காக 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிப்பையும் அதைத் தாங்கும் தட்டையும் இணைக்கிற நுண்ணிய சால்டர் குமிழ்கள், சூடேறிச் சூடேறி ஆறியதில் விரிசல் விட்டன. அந்தச் சிப்புகள் எச்பி, டெல், ஆப்பிள் என்று பெரிய பெயர்களின் உள்ளேதான் உட்கார்ந்திருந்தன. பெயர் பார்த்து வாங்கியவர்கள் யாரும் தப்பவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. மேக்புக் ப்ரோ வாங்கியவர்களுக்கு, வாரண்டி முடிந்திருந்தாலும் ஆப்பிள் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்தது. கெடுவதில் எல்லாரும் சமம். கெட்ட பிறகு நடத்துகிற விதத்தில் இல்லை.

(ஹீட் கன் வைத்துச் சூடு காட்டினால் செத்த கார்டு பிழைக்கும் என்ற வைத்தியம் பரவியதற்கு அந்தக் காலத்துச் சிப்புகளும் ஒரு காரணம். சூட்டில் விரிசல் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், சில நாள் ஓடும், மறுபடி போகும். இன்றைக்கும் 800 ரூபாய் வாங்கிக்கொண்டு இதைச் செய்து தருகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். விற்றுத் தொலைக்கப் போகிறவனுக்கு உதவும்.)

அடுத்து, வருடக் கணக்கு. மூன்று வருடத்தைவிட ஐந்து வருடம் நல்லது, ஐந்தைவிட ஆயுள் முழுக்க நல்லது என்று பெட்டியைப் பார்த்தே முடிவு கட்டுகிறவர்களுக்கு அமெரிக்காவின் பிஎஃப்ஜி கதை தெரிந்திருக்காது. ஆயுள்கால வாரண்டி என்பதே அவர்களின் விற்பனைப் பேச்சு. 2010 மே மாதம் கிராபிக்ஸ் கார்டு தொழிலைவிட்டு விலகுவதாக அறிவித்தார்கள். வாரண்டியைக் காப்பாற்றுவோம் என்றும் சொன்னார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கம்பெனியே மூடப்பட, பழுதுக்கு அனுப்பிய கார்டுகள் பழுதாகவே திரும்பி வந்தன. ஆயுள்காலம் என்றால் யாருடைய ஆயுள் என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. இவிஜிஏவும் 2022 செப்டம்பரில் கார்டு தொழிலைவிட்டு விலகியது. ஆனால் விற்ற கார்டுகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, கையிருப்பில் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டது. இரண்டு கம்பெனியுமே கார்டுக் கடையைச் சாத்தியவைதான். பெட்டியில் அச்சடித்த வருடத்தைப் பார்த்து இந்த வேறுபாட்டை யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்?

நம் நாட்டில் இதைவிட முக்கியமான ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் பெட்டியின் முன்பக்கம் இருக்காது. பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டிலோ அடியிலோ பாருங்கள். வெள்ளைத் தாளில் பொடி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள் கேட்கிற விவரங்கள் இவை. தைவான்காரனோ ஹாங்காங்காரனோ நம் கார்டைப் பழுது பார்க்கப் போவதில்லை. இந்த ஸ்டிக்கரில் இருக்கிறவரோ, அவர் ஏற்பாடு செய்த சர்வீஸ் சென்டரோதான் பார்க்க வேண்டும். நாளைக்கே அந்தப் பிராண்டு வேறொரு இறக்குமதியாளரிடம் கைமாறினால், பழைய கார்டை யார் ஏற்பது என்று இருவரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். ஸ்டிக்கரே இல்லாத பெட்டி ‘துபாய் பீஸ்’ என்று ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துக் கிடைக்கும். அதற்கு இந்தியாவில் வாரண்டி என்று ஒன்று அநேகமாகக் கிடையாது.

பில் சமாச்சாரமும் இதோடு சேர்ந்தது. “பில் வேணுமா, வேணாவாண்ணா?” என்று கேட்கிற கடைகள் உண்டு. 18 சதவீத ஜிஎஸ்டி கண்முன் மிச்சமாகத் தெரிகிறபோது கை தானாக ‘வேணாம்’ என்று ஆடும். சில நிறுவனங்கள் வாரண்டியைச் சீரியல் எண்ணை வைத்து எண்ணுகின்றன, சில பில் தேதியை வைத்து. சீரியல் கணக்குக்காரர்களிடம் பில் இல்லாமலும் காலம் தள்ளலாம். ஆனால் கடையில் எட்டு மாதம் தூங்கிய கார்டாக இருந்தால் அந்த எட்டு மாதம் நம் தலையில். பில் கணக்குக்காரர்களிடம் பில் இல்லையென்றால் வாசலோடு சரி. எப்படியானாலும், பில் இல்லாத பொருளுக்காக நுகர்வோர் ஆணையத்தில் போய் நிற்பது ரொம்பக் கஷ்டம்.

ஆணையம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஏமாத்தினா கன்ஸ்யூமர் கோர்ட்டு இருக்கே’ என்று துணிச்சல் கொடுப்பவர்கள் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கிற ஊரிலோ விவகாரம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில், புகார் கொடுப்பவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. மனுவை இணையத்திலேயே கொடுக்கலாம். 1915 என்று ஒரு உதவி எண்ணும் இருக்கிறது. பல கம்பெனிகள் அந்த அழைப்பிலேயே வழிக்கு வந்துவிடுவதும் உண்டு. மலையில் இருப்பவனுக்கு இது பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் வைகாசியில் செத்த கார்டுக்கு அடுத்த தையில் தீர்ப்பு வந்து என்ன பண்ண? வழக்கு நஷ்ட ஈடு வாங்கித் தரும். எடிட் பண்ணித் தராது.

இனி வாரண்டி அட்டையின் பின்பக்கம். மேலே இருக்கிற ஊர்க்காரன் முன்பக்கத்தைவிட இதைத்தான் படிக்க வேண்டும். இடி, மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், கருகல், துரு, ஈரம், உடைப்பு இவை எதற்கும் வாரண்டி பொருந்தாது என்று ஏறக்குறைய எல்லாரும் எழுதியிருப்பார்கள். மலையில் கார்டு எதனால் சாகுமோ, அந்தப் பட்டியலை யாரோ எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதைப் போல இருக்கும். சாயங்காலம் கறுத்துக்கொண்டு வந்தால் இடி எங்கள் தலைக்கு மேலேயே இறங்கும். ஈ.பி. லைன் காட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடி வருகிறது. ஒரு கிளை விழுந்தால் போதும், விளக்கு ஒரு தரம் மங்கி, ஒரு தரம் பளீரென்று எரிந்து, அணையும். அந்தப் பளீர்தான் எமன்.

என் கார்டு செத்ததும் அதனால்தான் என்று இப்போது எனக்குச் சந்தேகம். எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து எர்த் கம்பியை மீட்டரில் பார்த்துவிட்டுச் சிரித்தார். வீடு கட்டியபோது தோண்டிய எர்த் குழி, மூன்றடியிலேயே பாறை தட்டியிருக்கிறது. குழாயை அதற்கு மேல் இறக்காமல் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். உப்பும் கரியும் எப்போதோ கரைந்து, மண் காய்ந்து கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற ஈரப் பக்கத்தில் புதுக்குழி போட்டு, அடுக்கடுக்காகக் கரியும் உப்பும் கொட்டி, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றுகிறேன். அந்த ஒரு குடம் தண்ணீருக்கு எந்தக் கம்பெனியின் ஐந்து வருடமும் ஈடாகாது என்பது என் கட்சி.

நம்பகம் என்பதை விமர்சனக்காரர்கள் ஏன் பேசுவதே இல்லை என்றால், அவர்கள் கையில் கார்டு இருப்பது ஒரு வாரம். ஏசி அறை, திறந்த மேசை, நல்ல மின்சாரம். மூன்றாவது வருடம் என்ன ஆகும் என்று அவர்களால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததை மதிப்பெண் பட்டியலிலும் போட முடியாது. ஆனால் வாங்கும்போதே ஊகிக்கக் கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன. அதில் முதலாவது வாட். ஆர்டிஎக்ஸ் 4090 என்பது 450 வாட், 5090 என்பது 575 வாட். இத்தனை மின்சாரத்தையும் ஒரு சின்ன 16 பின் கனெக்டர் வழியாக ஊட்டியதில் 2022 அக்டோபரிலிருந்து கனெக்டர்கள் உருகிய செய்திகள் வந்தன. உலகம் முழுக்க 50 சம்பவம் அளவில்தான் தெரியவந்ததாகவும், பிளக்கை முழுசாக அழுத்திச் செருகாததே காரணம் என்றும் என்விடியா சொன்னது. அப்புறம் அந்தக் கனெக்டரின் வடிவத்தையே திருத்தினார்கள். செருகத் தெரியாதது வாங்கியவன் தப்பு என்றால் வடிவத்தைத் திருத்துவானேன்? போகட்டும். என் கேள்வி சின்னது: உருகிய கனெக்டரோடு கவுன்டருக்குப் போனால், டார்ச் அடித்துப் பார்ப்பவர் அதை ‘கருகல்’ என்று எழுதுவாரா, ‘தயாரிப்புக் குறை’ என்று எழுதுவாரா?

மறுபக்கம், 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி கார்டு 70 வாட்தான். தனி ஒயரே வேண்டாம், மதர்போர்டு சாக்கெட்டில் கிடைக்கிற மின்சாரம் போதும். வேகம் குறைவு, சந்தேகமில்லை. ஆனால் குட்டையாக இருக்கிறது, கனத்தில் தொங்கிப் பலகை விரிசல் விடாது, 600 விஏ யுபிஎஸ்ஸிலேயே கரண்ட் போனபிறகு ஃபைலை சேவ் பண்ண நேரம் கொடுக்கும். ரூபாய்க்கு எத்தனை ஃபிரேம் பட்டியலில் இது கடைசி வரிசையில் நிற்கும். என் மேசையில் முதல் வரிசை.

மலையில் குளிர்ச்சி, கார்டுக்கு நல்லதுதானே என்று ஒருவர் கேட்டார். சூடு மட்டும்தான் எதிரி என்றால் நல்லதுதான். விறகடுப்புப் புகை கலந்த தூசு ஃபேனில் பிசினாகப் படிவதையும், பனியையும் அவர் பார்த்ததில்லை.

இதே மலையில், காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986இல் இயங்கத் தொடங்கிய அதன் பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் அலுமினியப் பூச்சு காலப்போக்கில் மங்கும், மறுபடி பூச வேண்டும். பூச்சு போடுகிற இயந்திரத்தை ஆய்வக வளாகத்திலேயே வைத்திருக்கிறார்கள். பழுது எங்கே வரும் என்று தெரிந்தவர்கள் பட்டறையையும் கூடவே மலையேற்றினார்கள். எங்களைப் போன்றவர்களால் அது முடியாது. பட்டறைக்கும் நமக்கும் நடுவில் எத்தனை பஸ் என்று எண்ணிப் பார்ப்பதாவது முடியும்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்கு நான் தொப்பி கழற்றுவேன். ‘வாரண்டிக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற காசை நீயே சேர்த்து வை, கெட்டால் புதுசு வாங்கிக்கொள்’ என்பது. கையில் இரண்டாவது கார்டு இருப்பவனுக்கு இது நூற்றுக்கு நூறு சரி. விளையாட மட்டும் வாங்குகிற மாணவனுக்கும் சரி. பழைய கார்டை நாலாயிரத்துக்கு வாங்கி, போனால் போகட்டும் என்று விடலாம். வாரண்டி இல்லாத பழைய கார்டையே நான் சிலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் ஒற்றை மெஷினை வைத்துப் பிழைப்பவன் காப்பாற்ற வேண்டியது கார்டின் விலையை இல்லை, கெட்ட நாளுக்கும் திரும்ப ஓடும் நாளுக்கும் இடையில் இருக்கிற இடைவெளியை. சேர்த்து வைத்த 1,800 ரூபாய் அந்த 37 நாளில் எத்தனை நாளை அடைக்கும்?

போன வாரம் கல்லூரியில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன், பிளெண்டர் மென்பொருள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, இரண்டு கார்டின் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தான். “மாமா, இது ரெண்டாயிரம் கம்மி. சிப்பு ஒண்ணுதானாம்.” பெட்டியின் பக்கவாட்டுப் படத்தையும் தேடி எடுக்கச் சொன்னேன். பொடி எழுத்தைப் பெரிதாக்கி, ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்கு அவனையே ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொன்னேன். கார்டு கெட்டால் எங்கே கொடுப்பது, கூரியரில் அனுப்பலாமா, எத்தனை நாள் ஆகும், துரு இருந்தால் எடுப்பார்களா. பையன் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டான். அந்தப் பக்கம் ஊர் எது என்றார்கள். புதூர்நாடு என்றான். பின்கோடு கேட்டார்கள், சொன்னான். கீபோர்டு தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

“அது எங்க சார் இருக்கு?”

பையன் என்னைப் பார்த்தான். போனை வைத்துவிட்டு அடுத்த பெட்டியின் எண்ணைப் போடச் சொன்னேன்.